மாட்டில் புரூசெல்லா நோயை உறுதிசெய்ய ரோஸ் பெங்கால் சோதனை மட்டும் போதுமா? நீர்வேலியிலிருந்து ஓர் உதவி

அண்ணாமார், அக்காமார், வணக்கம். நாங்கள் நான்கு மாடு வைத்திருக்கிறோம். போன கிழமை சிவலைப் பசு ஏழாம் மாதத்திலேயே செத்த கன்றைப் போட்டுவிட்டது. இளங்கொடி விழ இரண்டு நாளாயிற்று. வழக்கம்போல அதை உமலில் கட்டி ஆலமரத்தில் தூக்க அம்மா ஆயத்தமானார். நான்தான் மறித்து, கையுறை போட்டு, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்தேன்.

மிருக வைத்தியர் புரூசெல்லா சந்தேகம் என்று இரத்தம் எடுத்தார். அது மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும், பால் வழியாக மனிதருக்கும் தொற்றும் ஒரு பக்டீரியா. ரோஸ் பெங்கால் சோதனையில் இளஞ்சிவப்புத் துளி மணல்மணலாகத் திரண்டதை நானே பார்த்தேன். ஆனால் அது காட்டுவது கிருமியை அல்ல, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. கன்றுப் பருவத்தில் எஸ்19 என்ற புரூசெல்லா தடுப்பூசி போட்ட மாட்டிலும், யெர்சீனியா ஓ9 என்ற வேறொரு பக்டீரியா தொற்றிய மாட்டிலும் அப்படித் திரளலாம். இதுவோ வாங்கின மாடு, தடுப்பூசி அட்டை கையில் இல்லை. மற்ற மூன்றுக்கும் 'இல்லை' என்று வந்தது. அதிலும் நிம்மதி இல்லை. தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் ஏறியிருக்காது. சில கிழமை கழித்துத் திரும்பச் சோதிக்கத்தான் வேண்டும். அதுவரை பால் விற்பதை நிறுத்திவிட்டேன்.

கன்னொருவ மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பி, எதிர்ப்பொருளை ஆய்வுகூடத்தில் பார்க்கும் எலிசா சோதனை செய்வித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்த வெயிலில் இரத்தம் வழியில் சிதைந்தால் முடிவு பிழைத்துவிடும். இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தை இங்கேயே பிரித்து ஐஸ் பெட்டியில் அனுப்பினீர்களா? எத்தனை நாளில் முடிவு வந்தது? வாங்கி வந்த நாளிலிருந்து சிவலையை வளர்த்தது என் அம்மாதான். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.