பழைய பிக்கப் வண்டியில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: பாக்ஸையே மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: குளச்சல் லோடு வண்டி

வணக்கம். குளச்சல் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் 2009 மாடல் டீசல் பிக்கப் வண்டி என்னிடம் உள்ளது. சில வாரங்களாகப் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வருகிறது. காலையில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது பம்பிலிருந்து முனகல் சத்தம் வருகிறது. மூடியைத் திறந்தால் ஆயில் நுரைத்துக் கிடக்கிறது. பட்டறையில் ஸ்டீயரிங் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பாக்ஸின் அடிப்பக்கம் ஈரமாக இருப்பது உண்மைதான். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் ஓட்டம் இருக்காது என்பதால், அதுவரை ஆயில் ஊற்றி ஓட்டிவிட்டு, பிறகு இந்த வேலையைச் செய்யலாமா?

பதில்: மார்த்தாண்டம் மெக்கானிக்

அண்ணாச்சி, தடைக்காலம் வரை தள்ளிப்போட வேண்டாம். ஆயில் நுரைப்பதும் பம்ப் முனகுவதும் உள்ளே காற்று போகிறது என்பதற்கான அடையாளம். அந்த ஆயில்தான் பம்புக்கு மசகு. அது இல்லாமல் ஓடினால், ஒரு ஹோஸோடு முடிய வேண்டிய செலவு பம்ப் வரை போய்விடும். எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு.

பாக்ஸ் ஈரமாக இருப்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் அது இருப்பதால், மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் வழிந்து வந்து அதன் மீதுதான் சேரும். பம்ப், ஹோஸ்கள், பாக்ஸ் ஆகிய எல்லாவற்றையும் பிரஷ்ஷால் டீசல் தொட்டுத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். பிறகு இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒருவரை மெதுவாக இரு பக்கமும் ஸ்டீயரிங் திருப்பச் சொல்லுங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் எங்கே ஈரக்கோடு விழுகிறதோ, அங்கிருந்துதான் கசிவு தொடங்குகிறது. எஞ்சின் ஓடும்போது, பம்பிலிருந்து பாக்ஸுக்கு அழுத்தத்தோடு ஆயில் போகும் பிரஷர் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலுக்குள் புகுந்துவிடும்.

பதில்: முட்டம் மீன் வண்டி

மெக்கானிக் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து வண்டிகளில் உப்புத் துருதான் பெரிய எதிரி. ஏலக்கூடத்தைச் சுற்றித் தேங்கும் உப்புநீர் முன்சக்கரத்தில் பட்டுத் தெறித்து, ரப்பர் ஹோஸையும் இரும்புக் குழாயையும் சேர்த்து நெரித்திருக்கும் இரும்பு வளையத்துக்குள் தங்கிவிடுகிறது. வெளியே பெயிண்ட் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியிலும் பாருங்கள். துருப்பிடித்த பிரஷர் ஹோஸுக்குப் பதிலாகச் சாதாரண டீசல் ஹோஸைப் போட்டுக் கிளாம்ப் முறுக்கும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அந்த வழியில் எழும் அழுத்தத்தைக் கிளாம்ப் தாங்காது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸுக்கு மட்டுமே கிளாம்ப் போதும், அதுவும் ஆயில் தாங்கும் ஹோஸாக இருந்தால்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பவுடர் தூவிப் பார்த்தோம். பாக்ஸ் காய்ந்தே இருந்தது. பிரஷர் ஹோஸின் பம்ப் பக்க நெரிப்பு வளையத்தின் விளிம்பில், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் ஒரு துளி திரண்டு கீழே வழிந்தது. பழைய மாடல் என்பதால் புது ஹோஸ் எளிதில் கிடைக்கவில்லை. ஜேசிபி ஹோஸ் செய்யும் கடையில் செய்து வாங்கலாமா? ஆயில் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மார்த்தாண்டம் மெக்கானிக்

செய்து வாங்கலாம். பழைய ஹோஸை அப்படியே கொண்டுபோய், பவர் ஸ்டீயரிங்குக்கு என்று சொல்லி, அதன் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் ஹோஸைப் பழைய முனைகளில் நெரித்துத் தரச் சொல்லுங்கள். முனைகளின் கோணம் மாறினால் ஹோஸ் எதிலாவது உரசும். பம்பில் மாட்டும்போது செப்பு வாஷர் இருந்தால் புதிதாகப் போடுங்கள், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) என்றாலும் அப்படியே; பழையதை மறுபடி போட்டால் அங்கேயே கசியும்.

டப்பா மூடியிலோ கையேட்டிலோ எந்த ஆயில் என்று குறிப்பிட்டிருக்கும். பல வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்) ஆயில்தான். பிரேக் ஆயிலை ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள், சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கும் மருந்தும் உங்களுக்கு உதவாது. அரித்த இரும்பை அது அடைக்காது.

காற்றெடுக்க, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். டப்பாவில் குமிழி வருவது நின்ற பிறகே எஞ்சினைப் போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். கோடியில் ஒடித்தபடி 5 விநாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. நுரை நிற்கவில்லை என்றால், டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கிளாம்பைப் பாருங்கள். அங்கே ஆயில் வெளியே வராமலே காற்று உள்ளே போகும்.