புதுப்பிப்பு: இனிப்புப் பெட்டியின் மூலக் கோப்பு யாருக்கு?

மயிலாப்பூர் இனிப்புக் கடை ஒன்றுக்கு நான் வடிவமைத்த பெட்டியின் மூலக் கோப்பை, அதாவது இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் திருத்தக்கூடிய கோப்பை, கடைக்காரர் கேட்கிறார், கொடுத்தே ஆக வேண்டுமா என்று முன்பு எழுதியிருந்தேன். "காசு வாங்கியாயிற்றே, கொடுத்துவிடுங்கள்" என்றவர்களே அதிகம். அது நியாயமில்லை என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பள ஊழியரின் வேலை முதலாளிக்குப் போகும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் வரையச் சொன்ன ஓவியமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே சொந்தம். பெட்டி வடிவமைப்பு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. உரிமையை மாற்றித்தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் அந்த உரிமை செல்லும்.

என் விலைப்புள்ளியில் 'அச்சுக்கான பி.டி.எஃப்.' என்று மட்டுமே இருந்தது. அதைக் காட்டியதும் கடைக்காரப் பெரியவர், "தம்பி, பெட்டியில் போடும் விலை மாறும்போதெல்லாம் உங்களைத் தேடி வர முடியுமா?" என்றார். கேட்டது சரிதானே! தனிக் கட்டணம் பேசி, ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம்.

கடையின் பெயருக்குப் பயன்படுத்திய எழுத்துருவின் உரிமம் என் பெயரில் இருக்கிறது. அதைப் பிறருக்குத் தரக்கூடாது. எனவே எழுத்துரு இல்லாமலே தெரியும்படி அந்த எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றினேன். எடை, விலை வரிகளை மட்டும் இலவசமான நோட்டோ தமிழ் எழுத்துருவில் திருத்தும்படி விட்டேன். புதிய விலையை அவர்களே மாற்றி ராயப்பேட்டை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.