டிஜிட்டல் கேமராவை ஆண்டுதோறும் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா?

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஒரே டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் திருவிழாக்களைப் படம் எடுத்து வருகிறேன். இதுவரை ஒருமுறைகூட அதைச் சர்வீஸுக்குக் கொடுத்ததில்லை.

இந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கியபோது, வைகைக் கரையின் புழுதிக்கும் பக்தர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீருக்கும் நடுவே இரண்டு முறை லென்ஸ் மாற்ற நேர்ந்தது. அதன் பிறகு லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 16-இல் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், வானத்தின் வலது மூலையில் மிளகளவு சாம்பல் நிறப் புள்ளி ஒன்று அதே இடத்தில் விழுகிறது. துவாரத்தைப் பெரிதாக்கி எஃப் 4-இல் எடுத்தால் அது கண்ணுக்கே தெரிவதில்லை. லென்ஸை மாற்றினாலும் புள்ளி நகராததால், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் மேலுள்ள கண்ணாடியில்தான் தூசி ஒட்டியிருக்கிறது என்று கருதுகிறேன். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதியும் போகவில்லை. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும் என்பதால் அதைச் செய்யவில்லை.

விசாரித்த கடையில், ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். நன்றாக இயங்கும் கருவியைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. லென்ஸில் பூஞ்சை படர்ந்தாலோ ஃபோகஸ் பிசகினாலோ மட்டும் கொடுத்தால் போதாதா?

ஏபிஎஸ்-சி எனும் அளவுள்ள சென்சாருக்கான 16 மில்லிமீட்டர் சுவாப் (துடைப்புக் குச்சி) வாங்கி நானே துடைக்கலாமா, அல்லது மதுரையில் நம்பி ஒப்படைக்கக்கூடியவர் யாரேனும் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வைகாசியில் அக்கா மகளின் திருமணம் இருப்பதால், அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.