களிமண் அனிமேஷன்: படம் மினுக்குகிறது, பொம்மை சாய்கிறது, கையில் மூன்று வாரம்தான்

கடலைத்தட்டு:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பாடத்துக்காக 45 விநாடி களிமண் ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டுவது) செய்துகொண்டிருக்கிறேன். கதை சின்னது. அந்தக் காலத்துக் கச்சாங் பூத்தேக்காரர் (கடலை விற்பவர்) தலையில் தட்டோடு கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் நடந்து வருகிறார், நிற்கிறார், ஒரு பொட்டலத்தை எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான். என் கொள்ளுத்தாத்தா இந்தத் தொழில்தான் செய்தார். அவர் நடை எப்படி இருக்கும் என்று பாட்டி சொல்லிச் சொல்லி அது என் கண்ணிலேயே நிற்கிறது. மதிப்பெண் வந்தால் போதும் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

விநாடிக்கு 12 படம், மொத்தம் 540. இதுவரை 63 எடுத்தேன், 63உம் வீண்.

ஓட்டிப் பார்த்தால் படம் முழுக்க மினுக்குகிறது, ஒரு படம் வெளிச்சம், அடுத்தது கொஞ்சம் மங்கல். பள்ளியில் இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். மேனுவலில்தான் வைத்திருக்கிறேன்: அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப் 8, ஷட்டர் 1/200 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோ. எல்இடி மேசை விளக்கு இரண்டு, ஜன்னலோர மேசை.

அடுத்தது பொம்மை. 18 சென்டிமீட்டர் உயரம், உள்ளே அலுமினியக் கம்பி, மேலே பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின். 20 படம் தாண்டினாலே கணுக்கால் மடங்கிச் சாய ஆரம்பிக்கிறார். 63ஆவது படத்தில் முகம் குப்புற விழுந்துவிட்டார். குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், கெட்டியாகிறது, ஆனால் வெளியே எடுத்ததும் உடம்பு முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது.

பொம்மையின் வெள்ளைக் களிமண் வேட்டி வேறு சாம்பல் நிறமாகிவிட்டது. எதை முதலில் சரிசெய்வது என்று தெரியவில்லை, யாராவது சொல்லுங்கள்.

ஒளிப்பெட்டி:
தங்கச்சி, மினுக்கலை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் ஒவ்வொரு படமும் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

நீ சொன்னதிலேயே ஒரு காரணம் தெரிகிறது. சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு அதற்கு ஏற்ப விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும், நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு துடிப்பு 1/100 விநாடி. உன் ஷட்டர் 1/200, அதாவது துடிப்பில் பாதியைத்தான் பிடிக்கிறது. ஒரு படத்தில் வெளிச்சமான பாதி மாட்டும், அடுத்ததில் மங்கலான பாதி. ஷட்டரை 1/50 ஆக்கு, ஐஎஸ்ஓவை 100 ஆக்கு. மொத்த வெளிச்சம் மாறாது, ஆனால் ஒவ்வொரு படத்திலும் முழுசாக இரண்டு துடிப்பு வந்துவிடும். நம் பொம்மை தானாக அசையப் போவதில்லையே, 1/10, 1/5 என்று போனாலும் ஒன்றும் ஆகாது, இன்னும் நல்லது.

வைட் பேலன்ஸை ஆட்டோவில் இருந்து எடு. ஃபோகஸும் கையால். டிரைபாடில் இருக்கும்போது லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பையும் அணைத்துவிடு, இல்லாவிட்டால் சட்டகம் நூலிழை அளவு நகரும்.

ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுள்ளென்று வெயில், இரண்டரைக்கு இருட்டிக்கொண்டு மழை. திரைச்சீலை போட்டாலும் கசியும்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு சோதனை செய். பொம்மையைத் தொடாமல், கேமராவை இடைவெளி டைமரில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடு. 24 படம் எடுக்கட்டும். மினுக்கல் இல்லை என்றால் அதுவரை மினுக்கியதற்கு நீதான் காரணம்: வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு இடத்தில் நின்றிருப்பாய், அந்த வெள்ளை பொம்மை மேல் அடிக்கும். கறுப்புச் சட்டை போட்டு, தரையில் டேப் ஒட்டி, கிளிக் செய்யும்போதெல்லாம் அங்கேயே நில். நீ இல்லாமலும் மினுக்கினால் அபெர்ச்சரை லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துவிட்டு இன்னொரு 24 எடு. அதில் நின்றுவிட்டால் குற்றவாளி லென்ஸ். இந்த மாதிரி லென்ஸில் அபெர்ச்சரைச் சுருக்கும் இதழ்கள் ஒவ்வொரு கிளிக்குக்கும் மூடித் திறக்கும், எஃப் 8க்கு மூடும்போது ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசம் வரும். சாதாரணப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், வரிசையாக ஓட்டும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய_உறுப்பினர்_12:
இவ்வளவு சிரமம் எதற்கு? எடிட்டிங்கில் டீஃப்ளிக்கர் என்று ஒன்று இருக்கிறது, ஒரு கிளிக்கில் போய்விடும்.

ஒளிப்பெட்டி:
போகும், ஓரளவுக்கு. படம் முழுக்க ஒரே மாதிரி கூடிக் குறைந்தால் அது சமன் செய்துவிடும். ஆனால் இங்கே ஒரு விளக்கு மட்டும் துடிக்கலாம், சட்டை வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் அடிக்கலாம், அதை அது பாதிதான் சரிசெய்யும், முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். எடுக்கும்போதே சரியாக எடுத்துவிட்டு மிச்சம் மீதி இருந்தால் அதைப் பயன்படுத்துவதுதான் என் வழக்கம்.

கம்பிக்கால்:
பொம்மைக்கு வருகிறேன். தட்டு எதில் செய்திருக்கிறீர்கள்? களிமண்ணில் என்றால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். தலைக்கு மேல் இருக்கும் எடை கணுக்காலுக்குத்தான் பாரம். பால்சா மரம் அல்லது தெர்மக்கோலில் தட்டு வெட்டி, மேலே மெல்லிய தோலாக மட்டும் களிமண் பூசுங்கள். பொட்டலங்களைக் காகிதத்தில் சுருட்டி உள்ளே வெற்றாக விடுங்கள், வாயில் மட்டும் நாலு கடலை தெரிந்தால் போதும். உடம்பிலும் அப்படியே: வயிற்றுக்குள் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வைத்தால் பாதி எடை குறையும்.

கம்பி ஒற்றையாக இருந்தால் தாங்காது. 1.5 மில்லிமீட்டர் கம்பி இரண்டை டிரில் முனையில் மாட்டி முறுக்கினால் வளையவும் செய்யும், நிற்கவும் செய்யும். ரொம்ப இறுக்கி முறுக்கினால் சீக்கிரம் முறியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடை, முன்கை போன்ற வளையக் கூடாத இடங்களில் எபாக்சி புட்டி பூசி எலும்பாக்கிவிடுங்கள், வளைய வேண்டிய இடம் மட்டும் கம்பியாக இருக்கட்டும். பாதத்துக்குள் எம்3 (3 மில்லிமீட்டர்) நட் ஒன்றை அதே புட்டியில் புதைத்து, பலகையில் துளை போட்டு அடியில் இருந்து போல்ட் முடுக்குங்கள். ஒரு கால் எப்போதும் முடுக்கியே இருக்க வேண்டும், அந்தக் காலை எடுக்கும் முன் அடுத்ததை முடுக்க வேண்டும். ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் நட், போல்ட், புட்டி எல்லாம் சில வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

பிளாஸ்டிசினையும் மாற்றுங்கள். பிள்ளைகள் விளையாடுவது நம் வெக்கைக்கும் கைச்சூட்டுக்கும் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடையில் எண்ணெய் கலந்த சிற்பக் களிமண், நடுத்தரக் கெட்டி என்று கேளுங்கள். காற்றில் காய்வது வேண்டாம், இரண்டாம் நாளே வெடித்துவிடும்.

தண்ணீர் முத்து வருவது நம் காற்றின் ஈரம். ஜிப் பைக்குள் காற்று இல்லாமல் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் பத்து நிமிடம் வையுங்கள், வெளியே எடுத்த பிறகும் உடனே திறக்காதீர்கள். குளிர் கொஞ்சம் தணியும்வரை பையோடு இருக்கட்டும், ஈரம் பைமேல் படியும், பொம்மைமேல் படியாது.

தெம்பனிஸ்_அம்மா:
கண்ணு, நான் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு இந்த மாதிரி சின்னச் சின்னப் படம் செய்கிறவள். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர், அதான் குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பான சின்ன அறை, இருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசிக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் இருக்கும். அரிசி மூட்டை, பழைய பெட்டி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு அங்கே எடு. ஜன்னல் கிடையாது, வெயில், மழை எதுவும் எட்டிப் பார்க்காது, தம்பி தங்கை ஓடினாலும் சிமெண்டுத் தரை ஆடாது. கதவை மூடாதே, புழுங்கும், களிமண்ணும் இளகும். நடைக்கூட விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புத் துணி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டால் போதும். படம் எடுக்கும் நேரத்தில் விசிறி கூடாது, இடைவேளையில் போட்டுக்கொள்.

வேட்டிக்கு ஒரே வழி, வரிசை. காலையில் கை கழுவிவிட்டு முதலில் வெள்ளையைத் தொட வேண்டும், அப்புறம்தான் பழுப்பு. பழுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப வெள்ளைக்கு வந்தால் குழந்தை துடைக்கும் ஈரத் தாளால் விரல் ஒவ்வொன்றையும் துடை, நகக்கண்ணில் ஒளிந்திருக்கும். ஏற்கெனவே அழுக்கான வேட்டியைக் கத்தி முனையால் மேல்தோலை மட்டும் சீவினால் உள்ளே வெள்ளை இருக்கும். துணி வேட்டி போடலாம் என்று நினைக்காதே, தொடும்போதெல்லாம் மடிப்பு இடம் மாறி, ஓட்டினால் துணி கொதிக்கிற மாதிரி இருக்கும். விரல் ரேகை தெரிகிறதே என்றும் கவலைப்படாதே. களிமண் படங்களுக்குப் பேர்போன ஆர்ட்மேன் ஸ்டூடியோ படங்களிலேயே ரேகை தெரியும், கை பட்டது என்று பார்க்கிறவருக்குத் தெரிவது இந்தக் கலைக்கு அழகுதான்.

ஒன்று கேட்கட்டுமா? பாட்டி அவர் நடையை எப்படிச் சொன்னார்?

கடலைத்தட்டு:
எல்லாருக்கும் நன்றி, நேற்று இரவு முழுக்க இதே வேலை. 1/50க்கு மாற்றியதும் பெரும்பாலான மினுக்கல் போய்விட்டது! நான் அடுத்த அறையில் இருந்தபோதும் லேசாக மிச்சம் இருந்தது. அபெர்ச்சரை முழுசாகத் திறந்தேன், நின்றுவிட்டது. அப்படியென்றால் லென்ஸ்தானே? ஆனால் முழுசாகத் திறந்தால் முகம் தெளிவு, தட்டு மங்கல் ஆகிறது.

அக்கா, பாட்டி சொன்னது இதுதான்: "அப்பா வர்றப்ப தட்டு மட்டும் தண்ணியில மிதந்து வர்ற மாதிரி வரும், ஆள் கீழ நடப்பார்."

தெம்பனிஸ்_அம்மா:
அதேதான் கண்ணு! ஊரில் குடம் தூக்கி வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன், தலை மேலும் கீழும் ஆடவே ஆடாது, கழுத்து கம்பி மாதிரி நிற்கும், முழங்கால் லேசாக மடிந்தே இருக்கும், இடுப்பு மட்டும் பக்கவாட்டில் போய்ப் போய் வரும். சாதாரண நடையில் தலை எழும்பி இறங்கும் என்று உங்கள் பாடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். இவருக்கு அதைச் செய்யாதே.

கம்பிக்கால்:
அக்கா சொன்னதில் உங்கள் வேலை பாதியாகக் குறைகிறது, கவனித்தீர்களா? தட்டு ஒரே உயரத்தில் வருகிறது என்றால் அதைப் பொம்மையின் தலை தாங்கவே வேண்டாம். பின்னால் இருந்து ஒரு தடித்த கம்பித் தாங்கி, அடியில் கனமான கட்டை, அது தட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். சுவரோரம் ஒரு அளவுகோலை ஒட்டி, கட்டையை ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு தள்ளுங்கள். தலை வெறுமனே அடியில் தொட்டுக்கொண்டு போகும். ஒரு காலடிக்கு ஆறு படம் வைத்தால் அரை விநாடி வரும், சுமை தூக்குகிறவர் இன்னும் நிதானம் என்றால் ஏழு, எட்டு. படம் எடுக்கத் தொடங்கும் முன் பொம்மையும் தாங்கியும் இல்லாமல் வெறும் பின்னணியை ஒரு படம் எடுத்து வையுங்கள், எடிட்டிங்கில் தாங்கியை அதை வைத்து அழித்துவிடலாம். தாங்கியின் நிழல் சுவரில் விழாமல் விளக்கை வையுங்கள், நிழலை அழிப்பதுதான் பெரும்பாடு.

ஒளிப்பெட்டி:
ஆமாம், லென்ஸ்தான். அபெர்ச்சரைக் கையால் வளையம் திருப்பி வைக்கும் பழைய லென்ஸ் ஒன்றும், உன் கேமராவுக்கு ஏற்ற அடாப்டரும் கிடைத்தால் எஃப் 8இலேயே நின்றுவிடும், இதழ் அசையாது. லென்ஸை லேசாகத் திருகித் தொடர்பைத் துண்டிக்கும் வழியும் உண்டு, ஆனால் இரவல் பொருள், கழன்று விழுந்தால் உனக்குத்தான் கஷ்டம், நான் சொல்ல மாட்டேன். பள்ளியில் கேட்டுப் பார்.

மூன்று வாரத்துக்கு 540 படம் கனவாகத் தெரிந்தால் நடையைக் குறைத்து, பொட்டலம் கொடுக்கும் இடத்துக்கு நேரம் கொடு. வாலஸ் அண்ட் குரோமிட் களிமண் படங்களை உருவாக்கிய நிக் பார்க் மாணவராக 1982இல் தொடங்கிய தன் படத்தை 1989இல்தான் முடித்தார். உனக்கு ஏழு வருடம் கிடையாதே.

கடலைத்தட்டு:
பள்ளிக் கிடங்கில் பழைய 50 மில்லிமீட்டர் வளைய லென்ஸ் ஒன்று இருந்தது, அடாப்டரோடு தந்துவிட்டார்கள். பாம் ஷெல்டரைக் காலி செய்து பாட்டியே துணி கட்டிக் கொடுத்தார். கதையை 30 விநாடியாகச் சுருக்கிவிட்டேன், 360 படம். நடை 14 காலடியில் இருந்து ஆறு காலடி.

கடைசியாக ஒன்று. பொட்டலம் அவர் கையில் இருந்து பிள்ளை கைக்கு மாறும் இடத்தில் எது ஒட்டினாலும் நழுவுகிறது. பிசின் வைத்தால் காகிதம் கிழிகிறது.

கம்பிக்கால்:
பிசின் வேண்டாம். தலையை வெட்டிய குண்டூசி ஒன்றைப் பொட்டலத்துக்குள் குறுக்காக ஒட்டி, முனை இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டட்டும். ஒரு முனை தாத்தா உள்ளங்கையில் குத்தும், மறுமுனை பிள்ளை கைக்குள் போகும். இரண்டு கையும் பிடித்திருக்கிற மாதிரி மூன்று படம் அசையாமல் எடுங்கள், அப்புறம் தாத்தா விரலை ஒவ்வொன்றாகத் திறங்கள், சுண்டுவிரல் முதலில்.

கடலைத்தட்டு:
ஊசி பிடித்துக்கொண்டது அண்ணா. இன்று மட்டும் 41 படம், ஒன்றுகூட மினுக்கவில்லை. ஓட்டிக் காட்டினேன். பாட்டி தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். தோள் துண்டு இடது பக்கம் இருக்க வேண்டுமாம், நாளைக்கு அதை மாற்றிவிட்டு முதல் படத்தில் இருந்து எடுக்கிறேன்.