லஞ்சம் பிறவிக் குணமா? கடலூர், பாண்டிக்காரர்கள் பட்டதைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தில் மனு எழுதுபவர்:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எதற்கு வந்தாலும் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஒரு கேள்வி வரும்: "உள்ள எவ்ளோ சார் குடுக்கணும்?" அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே சொல்லிக்கொள்வார்கள்: "மனுசன் புத்தியே அப்பிடித்தான். அந்த நாக்காலில நாம உக்காந்தா நாமளும் வாங்குவோம்."

இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். ஆள் பெயர், அலுவலகப் பெயர் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த அலுவலக உதவியாளர் ஒருவர். கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று சொல்வதற்கே ஐம்பது ரூபாய் வாங்குவார். அதை நகர்த்துவதற்குத் தனி. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் வந்ததே, அன்றைக்கு அதே ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டி வயதானவர்களை வெளியே கொண்டுவந்தார். ஒரு பாட்டி பதற்றத்தில் விட்டுவிட்டு வந்த மஞ்சள் பையில் நகையும் பணமும் இருந்தன. யாரும் சொல்லாமலேயே அதை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகத் தேடிப் போய்க் கொடுத்தார். பாட்டி நீட்டிய நூறு ரூபாயைத் தொடவில்லை. தண்ணீர் வடிந்து அலுவலகம் திறந்ததும் பழைய ஐம்பது ரூபாய்க்கே திரும்பிவிட்டார்.

பிறவியிலேயே திருடன் என்றால் அந்தப் பை பாட்டியிடம் போய்ச் சேர்ந்திருக்காது. வெள்ளத்தில் அவர் யாரையும் காத்திருக்க வைக்க முடியாது. அலுவலகத்தில் முடியும். கலந்தாய்வுத் தேதிக்குள் சாதிச் சான்று வேண்டும், வங்கியில் கடன் கேட்கும்போது பட்டா கையில் இருக்க வேண்டும். கெடு நமக்குத்தான், அவருக்கு இல்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தாலும், ஒப்புதல் தர வேண்டியவர் அதைத் திறக்காமல் வைத்திருக்கலாம். நம் அவசரத்துக்குத்தான் அங்கே விலை.

காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயி:

அண்ணே, அந்த அவசரம் நெல்லுக் குவியல் பக்கத்துல படுத்துக் கிடந்தவனுக்குத்தான் முழுசாத் தெரியும். வீராணம் தண்ணில வெளஞ்ச சம்பா நெல்லு. கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டி, தார்ப்பாய் போத்தி, ராத்திரி காவல் இருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. மேல பனி எறங்குது, கிழக்கால மேகம் கட்டுது.

கையை எங்க விட்டு மாதிரி எடுக்கறாங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. குவியல் ஓரத்துல தரையோட தரையா அள்ளினா மீட்டர்ல கூடக் காட்டும். வெயில் பட்ட மேல்பக்கம் அள்ளினா கம்மியாக் காட்டும். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவுன்னு ஒத்துக்கிட்டவர் குவியல்ல நின்னபடியே மேல அள்ளினாங்க. என்னுதுல குனிஞ்சு ஓரத்துல அள்ளினாங்க. சத்தம் போட்டேன். "காய வெச்சுக் கொண்டாங்க"ன்னு ஒரே வார்த்தை, அடுத்த குவியலுக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் தூறல் விழுந்துச்சு. குடுத்துட்டேன்.

மூட்டை தூக்கறவங்களுக்கும் அதுல பங்கு உண்டு. அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரல. முதுகு உரியத் தூக்கறவங்களுக்குக் கூலி பத்தல. விவசாயி எப்படியும் குடுத்துடுவான்னு தெரிஞ்சுதான் மேல இருக்கறவங்க கண்டுக்காம இருக்காங்கன்னு நான் நெனைக்கறேன்.

பாண்டி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அக்கா:

தம்பி, மூட்டைக்காரர் விஷயத்தில் உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் சம்பளம் குறைவு, அதனால் வாங்குகிறார்கள் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

என் தங்கைக்குப் பிரசவம். பிரசவ வார்டு வாசலில் நிற்கிறோம். ஆயா துண்டில் சுற்றிய குழந்தையோடு வந்து, முகத்தை மூடியபடியே, "ஆம்பளப் புள்ள, ஆயிரம் குடுத்தாத்தான் காட்டுவேன்" என்றார். பக்கத்தில் இன்னொரு குடும்பம், அவர்களுக்குப் பெண் குழந்தை. அங்கே ஐந்நூறு கேட்டார். அந்தத் தகப்பன் மூட்டை தூக்குகிற ஆள்தான், சட்டையெல்லாம் சிமெண்ட். "எம் பொண்ணு மட்டும் எதுல கொறைச்சல்?" என்று பையைத் துழாவி ஆயிரம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் மேல் இருந்த பாசத்தையே லஞ்சமாகத்தான் அவரால் காட்ட முடிந்தது.

அதே வார்டில் இரவுப் பணியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். என் அம்மா அவர் கையில் நூறு ரூபாயைத் திணிக்கப் போக, "எனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருதும்மா, புள்ளைக்கு எதுனா வாங்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். ஆயாக்களை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள், சம்பளம் பாக்கி என்று பிறகு கேள்விப்பட்டேன். அது அநியாயம்தான். ஆனால் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை வைக்கச் சொன்னது சம்பளப் பாக்கியா?

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்:

உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேலதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள். கார், சாப்பாடு, இளநீர், பொன்னாடை எல்லாம் வேண்டும். இதற்கெல்லாம் அரசுப் பணத்தில் செலவு எழுதக் கணக்குத் தலைப்பு கிடையாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்ப்பார், அவர் கிராமத்தில் இருப்பவரைப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை சுத்தமாக வந்த பையன்கள் இந்தச் "செலவு"க்காகத்தான் முதல் தடவை கை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். செலவு ஒரு நாளில் முடிந்துவிடும், நீட்டிய கை மடங்காது.

இது புதிதும் அல்ல. நம் தஞ்சைச் சீமைக்காரரான கே. சந்தானம் தலைமையில், ஊழலைத் தடுக்க வழி சொல்ல மத்திய அரசு 1962-ல் போட்ட குழு, 1964-ல் அறிக்கை கொடுத்தது. சட்டவிரோதமான காரியத்துக்காக அல்லாமல், நியாயமான காரியம் சீக்கிரம் நடப்பதற்காகவே ஜனங்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று அதில் அப்போதே எழுதிவிட்டார்கள். நியாயமான காரியம் என்பதால்தான் கொடுப்பவருக்கு உறுத்துவதில்லை. வாங்குபவருக்கும் "யாருக்கு நஷ்டம்?" என்ற சமாதானம் கிடைத்துவிடுகிறது.

பாண்டியில் பொருளாதாரம் கற்பிப்பவர்:

வகுப்பில் நான் சொல்லும் ஒரு ஆய்வு இங்கே பொருந்தும். நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களுக்கு சட்ட விலக்கு உண்டு. கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு அபராதம் கட்டாமல் போகலாம். ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1997 முதல் 2002 வரையிலான அபராதச் சீட்டுகளை நாடு வாரியாகப் பார்த்தார்கள். கேட்பார் இல்லாதபோதும் நார்வே, சுவீடன் தூதர்கள் பாக்கியே வைக்கவில்லை. ஊழல் மலிந்த நாடுகளிலிருந்து வந்த பலர் குவித்து வைத்திருந்தார்கள். ஆக, வளர்ந்த இடத்தின் பழக்கம் கூடவே வருகிறது.

ஆனால் 2002 கடைசியில், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கலாம் என்று நகராட்சிக்கு அதிகாரம் வந்தது. கட்டாத அபராதம் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்துவிட்டது. ஆட்கள் அதே ஆட்கள். அவர்களுடைய குணம் ஒரு மாதத்தில் மாறியிருக்குமா? பிறவிக் குணம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்):

நான் புகார் கொடுத்தவன். எல்லாரும் கொடுத்ததையே எழுதுவதால் இதையும் எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு வீட்டு வரியைப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்த ஊழியர் கேட்ட தொகை பெரிது, அலைக்கழிப்பு அதைவிடப் பெரிது. லஞ்ச ஒழிப்புத் துறையில் எழுதிக் கொடுத்தேன். வேறு துறைகளில் வேலை செய்யும் இரண்டு பேரைச் சாட்சிகளாகக் கூப்பிட்டு வைத்து, என் எதிரிலேயே நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, ரசாயனப் பொடியைத் தடவினார்கள். "அவர் வாயால கேட்ட பிறகு குடுங்க, நீங்களாத் திணிக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர் கேட்டார், கொடுத்தேன். லஞ்ச ஒழிப்புத் துறையினர் வந்து அவர் கையைக் கரைசலில் முக்கச் சொன்னார்கள். தண்ணீர் ரோஜா நிறமாக மாறியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. முடியாதது தெருவில்தான். "ஒரு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டியேப்பா" என்று, அதே ஆளுக்குப் பணம் கொடுத்து வயிறெரிந்தவர்களே என்னிடம் சொன்னார்கள். அவருக்குப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயமாம். என் அம்மாவே கோயிலில் தனியாக நின்றாள். லஞ்சம் ஏன் ஒழியவில்லை என்று கேட்டால், வாங்கியவரைவிடக் காட்டிக் கொடுத்தவனை ஊர் அதிகமாக வெறுக்கிறது, அதனால்தான் என்பேன்.

எல்லாரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் உங்கள் மேல் குற்றம் வராது. கொடுப்பதற்கு முன்பே போய்ச் சொல்வது இன்னும் நல்லது.

வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாய்தாவுக்குச் சாட்சிகளில் ஒருவர் வரவில்லை, தள்ளி வைத்துவிட்டார்கள். அடுத்த வாய்தாவுக்கும் கடையைப் பூட்டிவிட்டுப் போவேன்.