ஐஎஸ்ஓவைச் சந்தேகப்பட்ட அந்தக் காலை: வீட்டு லினக்ஸ் அனுபவங்கள்

திருநெல்வேலி உறுப்பினர்:

பழைய லேப்டாப்களில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். 2016 பிப்ரவரியில் அக்கா மகளுக்காக மின்ட் 17.3 சின்னமன் பதிப்பின் ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவுவதற்கான முழு வட்டுக் கோப்பை, இறக்கினேன். ஒன்றரை ஜிபி. அப்போதைய இணைப்பில் ராத்திரி போட்டால் மறுநாள் மதியம்தான் முடியும். முடிந்ததும் எம்டி5 எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை, மின்ட் தளத்தில் இருந்ததோடு ஒப்பிட்டேன். பொருந்தியது. பென் டிரைவில் ஏற்றி, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை, மின்ட் நிறுவனர் கிளெமென்ட் லெஃபெவ்ரின் அறிவிப்பைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. பிப்ரவரி 20 அன்று தளத்துக்குள் புகுந்தவர்கள், சின்னமன் 17.3 இறக்கும் இணைப்பை பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தது, வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ. நான் இறக்கியதும் அதே பதிப்பு, இறக்கி முடித்ததும் அதே நாள்.

கண்டுபிடிக்கும் வழியையும் அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். ரவுட்டரை அணைத்துவிட்டு பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டும். லைவ் டெஸ்க்டாப் வந்ததும் 'வார்' அடைவு, அதற்குள் 'லிப்', அதற்குள் 'மேன்.சிஒய்' என்ற இடத்தில் ஏதாவது கோப்பு இருந்தால் அது கெட்ட ஐஎஸ்ஓ. வீட்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் டெர்மினலில் அந்தப் பாதையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. திருப்பிவிடப்படுவதற்கு முன்பே எனக்கு இறக்கம் தொடங்கிவிட்டது போல.

தப்பித்தேன், சரி. ஆனால் அந்த எம்டி5 எண்ணை நான் எங்கிருந்து எடுத்தேன்? அதே தளத்திலிருந்து. தளத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு இணைப்பை மாற்றுவதும் பக்கத்திலிருக்கும் எண்ணை மாற்றுவதும் ஒரே வேலைதான். நகைக் கடைக்காரரே '22 காரட்' என்று சீட்டு எழுதித் தருவதற்கும் ஹால்மார்க் முத்திரைக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் புரிந்தது. எண் பொருந்தினால் கோப்பு வழியில் சிதையவில்லை என்று மட்டும் தெரியும். யாருடைய கோப்பு என்பதை, வெளியிட்டவர் தன் ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் கையொப்பம்தான் சொல்லும்.

இப்போது ஐஎஸ்ஓவோடு எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்களின் பட்டியலையும், அதற்கு ஜிபிஜி என்ற மென்பொருளில் போட்ட கையொப்பக் கோப்பையும் சேர்த்தே இறக்குகிறேன். முதலில் பட்டியலின் கையொப்பம், அப்புறம்தான் ஐஎஸ்ஓவின் எண். 'குட் சிக்னேச்சர்' என்று வந்தவுடனேயே கீழே, இந்தச் சாவியை யாரும் உறுதிப்படுத்தவில்லை என்று ஓர் எச்சரிக்கையும் வரும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். கையொப்பக் கணக்கு சரி, இந்தச் சாவி அவருடையதுதானா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். சாவியின் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் எண், 40 எழுத்து. அதை வேறொரு கணினியில், வேறொரு இணைப்பில் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு நான்காக வாய்விட்டுப் படித்து ஒப்பிடுவேன். கடைசி எட்டு எழுத்து மட்டும் போதாது, அது ஒத்துப்போகிற மாதிரி போலிச் சாவியை உருவாக்க முடியும்.

கோவை உறுப்பினர்:

அண்ணா, எனக்கு அடி வேறு பக்கத்திலிருந்து. குடும்பப் போட்டோக்களைச் சேமிக்க வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்திருந்தேன். ஊருக்குப் போனாலும் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் 22ஆம் போர்ட்டை, அதாவது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் வாசலை, வெளியே திறந்துவிட்டேன். அப்போதெல்லாம் 'பை' என்ற பயனர், 'ராஸ்பெர்ரி' என்ற கடவுச்சொல்லோடுதான் அது வரும். 2022 ஏப்ரலில்தான் அதை நிறுத்தினார்கள். நல்ல வேளை, முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன்.

ஒருநாள் ஜர்னல் என்ற கணினியின் நிகழ்வுப் பதிவைத் திறந்தால், கடவுச்சொல் தவறு, தவறு என்று வரி வரியாக ஓடுகிறது. ரூட், அட்மின், உபுண்டு, பை என்று பயனர் பெயர்கள்... யாரோ வீட்டுக் கதவுப் பிடியை ஒவ்வொரு நொடியும் திருகிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. என் குழந்தைகளின் படங்கள் அதற்குள் இருக்கின்றன.

முதலில் ரவுட்டரில் திறந்ததை மூடினேன். கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்25519 வகைச் சாவி உருவாக்கி, அதைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று இன்னொரு விண்டோவில் பார்த்துவிட்டு, பிறகே எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தினேன். பழைய விண்டோவை மூடாமல் வைத்திருங்கள், ஏதாவது பிசகினால் அதுதான் கை கொடுக்கும். யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலிலும் வரிசை முக்கியம். வீட்டு நெட்வொர்க்கிலிருந்து எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி கொடுத்துவிட்டு அதை இயக்க வேண்டும். நான் மாற்றிச் செய்ததால் டிவியில் ராஸ்பெர்ரி பையைச் செருகி, கீபோர்டு மாட்டித்தான் உள்ளே போக முடிந்தது.

மதுரை உறுப்பினர்:

என்னுடையது சின்ன விஷயம். வெளியார் ரெப்போ (மென்பொருள் கிடங்கு) ஒன்றின் சாவி காலாவதியாகி, அப்டேட் பிழை காட்டியது. எங்கோ படித்தபடி, அந்த ரெப்போ வரியில், கையொப்பம் பார்க்காமலே நம்பு என்று பொருள்படும் 'ட்ரஸ்டட் எஸ்' என்பதைச் சேர்த்தேன். பிழை போய்விட்டது. பாதுகாப்பும் சேர்ந்தே போனது என்று மாதக்கணக்கில் தெரியாமல் இருந்தேன்.

மென்பொருளை நிறுவும் ஆப்ட் கருவி, ஒவ்வொரு டெப் (மென்பொருள் பேக்கேஜ்) கோப்புக்கும் தனியாகக் கையொப்பம் பார்ப்பதில்லை. ரெப்போவின் ரிலீஸ் கோப்பில்தான் கையொப்பம். அதற்குள் பேக்கேஜ் பட்டியலின் எண், பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப்பின் எண். முதல் கண்ணியை நான் கழற்றிவிட்டால் மீதிச் சங்கிலி எதில் தொங்கும்? இன்னொன்று, பழைய 'ஆப்ட்-கீ' கட்டளையில் சேர்த்த சாவி எல்லா ரெப்போவுக்கும் செல்லும். ஒரு சின்ன மென்பொருளுக்காகச் சேர்த்த சாவி, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பெயரில் வரும் பட்டியலுக்கும் செல்லுபடியாகும். இப்போது ஒவ்வொரு ரெப்போ வரியிலும் 'சைன்டு-பை' போட்டு, அதன் சாவியை அதற்கு மட்டும் கட்டிவைத்திருக்கிறேன்.

அண்ணே, ஒரு சந்தேகம். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்கதவு வைத்த விவகாரத்தில் கையொப்பம் எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

திருநெல்வேலி உறுப்பினர்:

ஆமாம் தம்பி, சரியாகவே இருந்தது. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, பராமரிப்பாளர் பொறுப்பையே வாங்கி, பிறகுதான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை வைத்தார். அதை இயக்கிவிடும் துண்டு, எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் கிடையாது, வெளியீட்டு டார் தொகுப்புக் கோப்பில் மட்டுமே இருந்தது. எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டியவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். 2024 மார்ச் 29 அன்று அவர் வெளியே சொன்னார். அந்த அரை நொடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

என் தம்பி டெபியனின் சோதனைப் பதிப்பான டெஸ்டிங் வைத்திருந்தான். அன்று இரவே போன் செய்து பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொன்னேன், 5.6.1. அவனிடம் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடவில்லை என்பதால் மூச்சு வந்தது. உடனே அப்டேட் செய்ய வைத்தேன். டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கு அந்த எக்ஸ்இசட் பதிப்புகள் வரவே இல்லை.

அதனால் வீட்டுக் கணினிகளில் ஸ்டேபிள்தான் போடுகிறேன், பாதுகாப்பு அப்டேட் தானாக ஏற 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' வைக்கிறேன். தேவையில்லாத இடத்தில் எஸ்எஸ்ஹெச் சர்வரைப் போடுவதே இல்லை. கோவைத் தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் அம்மா வீட்டு ரவுட்டர் ஞாபகம் வந்தது. நான் கட்டிக்கொடுத்தது, என்னென்ன போர்ட் திறந்தேன் என்று இப்போது நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.