311-க்கு அந்த விலை, பக்கத்துல இருக்கிற 312-க்கு ஏன் இல்ல?

பழசு_பிரியன்:
1952-ல டாப்ஸ் கம்பெனி போட்ட பேஸ்பால் கார்டு செட் பத்தி ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கிறத கேட்டுடறேன். மொத்தம் 407 கார்டு. 311-ம் நம்பர் கார்டுல இருக்கிற வீரர் மிக்கி மான்டில், 312-ல ஜாக்கி ராபின்சன். ரெண்டுமே அந்த வருஷக் கடைசியில வந்த சீரிஸ், ரெண்டையுமே அச்சு ஷீட்ல ரெண்டு ரெண்டு தடவை போட்டிருக்காங்க, அதனால அச்சடிச்ச எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பில்ல. மான்டில் கார்டு ஒண்ணு 2022 ஆகஸ்ட்ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. ராபின்சன் கார்டு கிட்டக்கூட நெருங்கல. அறுபது வருஷத்துக்கு மேல கறுப்பின வீரர்களை உள்ளயே விடாம வச்சிருந்த மேஜர் லீக்ல, அதாவது அமெரிக்காவோட முதல் தர பேஸ்பால் லீக்ல, 1947 ஏப்ரல் 15 அன்னைக்கு எறங்கி ஆடின மனுஷன், அவரோட 42-ம் நம்பரை இனி யாரும் புதுசா போடக்கூடாதுன்னு 1997-ல எல்லா டீமுக்குமா சேத்து எடுத்து வச்சாங்க. அப்படிப்பட்டவர் கார்டுக்கு இதான் மதிப்பா? நாம எதை சேக்கறோம், ஆளையா அட்டையையா?

ஸ்லாப்_மணி:
ப்ரோ விலைய மரியாதையோட போட்டு குழப்பாதீங்க. கார்டோட நெலமைய பாத்து 10-க்கு மார்க், அதாவது கிரேடு, போடற எஸ்ஜிசி கம்பெனி அந்த மான்டிலுக்கு குடுத்தது 9.5. எழுபது வருஷம் கழிச்சும் நாலு மூலையும் கூரா இருக்கு, கலர் அப்படியே இருக்கு, அந்த மாதிரி இன்னொண்ணு காட்டுங்க பாப்போம். 1991-ல அதே கார்டு 50,000 டாலருக்கு கைமாறினது, அப்பவே அது அதிக விலை. அந்த சீரிஸ் கடைக்கு வந்தப்போ ஸ்கூல் தொறந்தாச்சு, ஃபுட்பால் சீசன் வந்தாச்சு, யாரும் வாங்கல. மிச்சம் கெடந்த பெட்டிகளை 1960-ல படகுல ஏத்திட்டுப் போய் அட்லாண்டிக் கடல்ல கொட்டிட்டோம்னு டாப்ஸ்ல வேலை பாத்த சை பெர்ஜரே சொல்லியிருக்கார். அப்ப தப்பிச்சது கொஞ்சம், அதுல பசங்க கை படாம தப்பிச்சது அதவிட கொஞ்சம். காசு அதுக்குத்தான். போதாததுக்கு மான்டில் நியூயார்க் யாங்கீஸ் டீம், அவர் ஆடின காலத்துல அந்த டீம் 7 வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சது, அவர் அடிச்சது 536 ஹோம் ரன். சின்ன வயசுல அவரைப் பாத்து வளந்த தலைமுறைதான் பெரியவங்களாகி காசோட ஏலத்துக்கு வந்துச்சு.

பழசு_பிரியன்:
நீங்க சொன்ன கடல் கதை 312-க்கும் சேத்துதானே மணி? ரெண்டும் ஒரே பெட்டியிலதான் இருந்திருக்கும். அப்போ கார்டு கெடைக்கிறது கம்மிங்கிறது காரணம் இல்ல. இன்னொண்ணு, அது மான்டிலோட முதல் கார்டு கூட கிடையாது, போமன்ங்கிற இன்னொரு கம்பெனியோட 1951 செட்ல 253-ம் நம்பர்தான் முதல்ல வந்தது. அதவிட இதுக்கு விலை ஜாஸ்தி. எனக்கு இதுல ஒரு நியாயமும் தெரியல.

ரேவதி_கலெக்ட்ஸ்:
மணி, நீங்க கிரேடு கிரேடுன்னு சொல்றதால கேக்கறேன். டி206 செட்ல வந்த ஹோனஸ் வாக்னர்ங்கிற பழைய வீரரோட கார்டை எடுத்துக்கங்க, அது 1909-ல இருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்ல வந்த செட். வாக்னர் சம்மதிக்காததால அவர் கார்டை சீக்கிரமே நிறுத்திட்டாங்க, இன்னைக்கு கணக்குல இருக்கிறது அறுபதுக்குள்ளதான். அதுல ரொம்ப சுத்தமானதுன்னு பேர் வாங்கின கார்டை ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி இன்னொருத்தரோட சேந்து 1991-ல 4,51,000 டாலருக்கு வாங்கினார். எஸ்ஜிசி மாதிரியே கிரேடு போடற பிஎஸ்ஏ கம்பெனி முதன்முதல்ல கிரேடு பண்ணினதே அந்த கார்டைத்தான், குடுத்தது 8. கடைசியில 2013-ல பில் மாஸ்ட்ரோங்கிற டீலர், நான்தான் அதோட ஓரத்தை வெட்டினேன்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டார். ஓரம் வெட்டின கார்டுக்கு நம்பர் கிரேடே கிடையாதுங்கிறதுதானே உங்க ரூல்? இன்னொரு வாக்னர், கிரேடு வெறும் 2, 2022-ல 72.5 லட்சம் டாலருக்கு போச்சு. அங்க மூலைய யார் பாத்தாங்க?

ஸ்லாப்_மணி:
ரேவதிக்கா அந்த ஒரு கார்டை வச்சு கிரேடிங்கே ஃப்ராடுன்னு சொன்னா எப்படி. ஓரம் வெட்டறது, ப்ளீச் பண்றது, மடிப்பை அழுத்தி எடுக்கறது, கலர் தொட்டு விடறது, இதெல்லாம் கிரேடிங் வர்றதுக்கு முன்னாடி இன்னும் மோசமா நடந்துச்சு. மூணாவது ஆள் ஒருத்தர் பாத்து சொல்றது இல்லன்னா புதுசா வர்றவன் போட்டோவ மட்டும் பாத்து ஆயிரக்கணக்குல காசு போடணும். அவனுக்கு கிரேடு போட்டு கார்டை மூடிக் குடுக்கிற அந்த ப்ளாஸ்டிக் ஸ்லாப்தான் பாதுகாப்பு.

ரேவதி_கலெக்ட்ஸ்:
கள்ள கார்டை கண்டுபிடிக்க ஸ்லாப் வேணும்னா சரி, எனக்கு சண்டை இல்ல. 8-க்கும் 9-க்கும் நடுவுல லட்சக்கணக்குல டாலர் வித்தியாசம் வர்றதத்தான் கேக்கறேன். அந்த மூணாவது ஆளுன்னு சொல்றீங்களே, 2024-ல பிஎஸ்ஏவோட தாய் கம்பெனியே எஸ்ஜிசியையும் வாங்கிடுச்சு.

கேட்லாக்_காதலன்:
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு எழுதணும்னு தோணுச்சு. டி206-ங்கிற பேரை வச்சதே ஜெஃபர்சன் பர்டிக், சிராக்யூஸ் ஊர்ல எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் மாட்டற வேலை பாத்தவர், ஆர்த்ரைடிஸ் வந்து கை விரலெல்லாம் மடங்காது. 3 லட்சத்துக்கு மேல அட்டைகள், அதுல 30,000 போல பேஸ்பால் கார்டு, எல்லாத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு சும்மா குடுத்துட்டு, அங்கயே உக்காந்து ஒவ்வொண்ணா ஆல்பத்துல ஒட்டினார். ஒட்டினார்னா நெஜமாவே பசை தடவி. 1963 ஜனவரியில வேலை முடிஞ்சது, மார்ச்ல இறந்துட்டார். ஸ்லாப்_மணியோட கணக்குல பாத்தா பின்பக்கம் பசை பட்ட வாக்னர் குப்பை, ஆனா இந்த ஹாபிக்கே அஸ்திவாரம் அந்த ஆல்பம்தான். அவர் சேத்தது ஆளையும் இல்ல, மூலையையும் இல்ல, ஒண்ணு விடாம எல்லாத்தையும்.

அப்புறம் பிரியன், ஆளை வச்சுத்தான் மதிப்புன்னா ஜோஷ் கிப்சனை என்ன பண்ணுவீங்க? 2024-ல நீக்ரோ லீக், அதாவது கறுப்பின வீரர்கள் தனியா ஆடின லீக், அதோட கணக்கை மேஜர் லீக் கணக்கோட சேத்தப்போ 0.372 பேட்டிங் ஆவரேஜோட பழைய ஸ்டார் டை காப்-ஐ தாண்டி முதல் எடத்துக்கு வந்தவர். அவர் ஆடின காலத்துல அமெரிக்காவுல எந்த பெரிய பபிள்கம் கம்பெனியும் அவருக்கு கார்டு போடல. ஆனா கௌடிங்கிற பபிள்கம் கம்பெனியோட 1933 செட்ல வெள்ளைக்கார ஸ்டார் பேப் ரூத்துக்கு மட்டும் நாலு கார்டு.

பழசு_பிரியன்:
இதத்தான் நானும் சொல்ல வர்றேன். யாருக்கு கார்டு போடறதுன்னு அன்னைக்கே ஒரு பாகுபாடு இருந்திருக்கு, இன்னைக்கு விலையில அதோட மிச்சம் இருக்கு. தலைமுறை, டிமாண்டுன்னு மணி சொல்றாரே, அந்த டிமாண்டு யாரை டிவில காட்டினாங்க, யாரை உள்ளயே விடலங்கிறதுல இருந்து வந்ததுதானே.

ஸ்லாப்_மணி:
அதுல ஒரு பங்கு இருக்கும், மறுக்கல. ஆனா ராபின்சனுக்கு ஆள் இல்லாம இல்ல, அவரை தேடறவங்க லீஃப்ங்கிற கம்பெனி போட்ட செட்ல இருக்கிற அவர் கார்டுக்கும் 1949 போமன் கார்டுக்கும் போறாங்க, 312 விலை கம்மியா இருக்கிறதுக்கு அதுவும் காரணம். இன்னொரு கறுப்பின ஸ்டார் வில்லி மேஸ் 2024-ல இறந்தப்புறம் அவரை தேடறவங்களும் ஜாஸ்தியாத்தான் ஆயிருக்காங்க. மார்க்கெட் மாறும். ஆனா கிரேடு இல்லாம மாறாது.

பழசு_பிரியன்:
நான் கிரேடு 1 ராபின்சன்தான் தேடிட்டு இருக்கேன். நடுவுல மடிப்பு இருக்கணும், அப்பதான் ஏதோ ஒரு பையன் பாக்கெட்ல வச்சுட்டு சுத்தியிருக்கான்னு தெரியும். ஸ்லாப் இல்லாததா இருந்தா இன்னும் நல்லது.

ஸ்லாப்_மணி:
ஸ்லாப் இல்லாம வாங்கறதா இருந்தா கண்டிப்பா ஸ்கேல் எடுத்துட்டு போங்க. 1983-ல டாப்ஸே அந்த செட்டை மறுபடி அச்சடிச்சாங்க, அது இரண்டரைக்கு மூன்றரை இன்ச். ஒரிஜினல் அதவிட கொஞ்சம் பெருசு, உயரம் மூணே முக்கால் இருக்கும். அளந்து பாத்துட்டு பின்பக்க போட்டோவும் இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.